மரியகுழந்தை வீட்டு மணிக்கயிறு

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் மரியகுழந்தையிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. புருஷன் சுரங்கத்து ஷாஃப்டில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்தவர். போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. கிழவி குளிக்கிற கல்லில் வழுக்கி இடுப்பில் அடிபட்டுக் கிடந்து எழுந்ததிலிருந்து மகன் சிரில் ஒரே பிடியாக நின்றான். பங்காருபேட்டையில் அவனுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருக்கிறது, அங்கே வந்துவிட வேண்டுமாம்.

"வூடு வழுக்குச்சின்னா வூட்டச் சரி பண்ணுடா. என்ன எதுக்குக் கெளப்புற?" என்றாள்.

அவன் போன கையோடு பக்கத்து வீட்டுப் பெருமாளைப் பிடித்தாள். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிறவன் அவன். கட்டிலிலிருந்து கொல்லைக் கதவுவரை சுவரோடு கைப்பிடிக் கட்டை அடித்தான். மங்கின கண்ணுக்கும் தெரியட்டும் என்று வாசல்படி விளிம்பில் சுண்ணாம்பு பூசினான். கட்டில் தலைமாட்டில் ஒரு கயிறு. அது சுவர் ஓட்டை வழியாகப் போய் அவன் வீட்டுப் பித்தளை மணியில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிரில் டிரங்குப் பெட்டியோடு வந்தான். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் சேலைகளை மடித்து உள்ளே வைத்தான். என்ன துணிச்சல் பாருங்கள்!

"இன்னாம்மா இது, வூடா ஷாஃப்டா?"

"ஷாஃப்டுதான். எறங்குனவங்கள பத்திரமா மேல கொண்டாந்த மனுசன் வூடுடா இது."

"நீ வுழுந்து கெடந்தா யாரும்மா வருவா?"

மரியகுழந்தை கயிற்றைப் பிடித்து இழுத்தாள். விடாமல் இழுத்தாள்.

மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிற சனம் அது. பெருமாள் பாதி மழித்த முகத்தோடு வந்தான். அவன் பெண்சாதி பாக்கியவதி மாவுக் கையோடு வந்தாள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாசல் கொள்ளவில்லை.

"இன்னா ஆச்சு அத்தே, வுழுந்துட்டியா?" பாக்கியவதிக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்லடி. யாரு வருவான்னு எம் புள்ள கேட்டான். காட்டுனேன்."

"உசுரே போயிடுச்சு! இன்னொருவாட்டி சும்மா இழுத்தே, கயித்த அறுத்துப் போட்டுடுவேன், ஆமா!" திட்டிக்கொண்டேதான் கிழவியின் இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

சிரிலின் கையில் பெட்டி அப்படியே இருந்தது.

"பெட்டிய வெச்சுட்டு உளிய எடுடா," என்றாள் மரியகுழந்தை. "குளிக்கிற கல்லு இன்னும் வழுக்குது. அம்மி கொத்துற மாதிரி சொரசொரன்னு கொத்து."