பட்டனில் சொருகிய தீக்குச்சி

வாஷிங் மெஷினின் மூடியைப் பூட்டும் சோலனாய்டு கருகிவிட்டது. வீடெல்லாம் கம்பியின் வார்னிஷ் கருகிய நாற்றம். "சுவிட்சுல ஒரு தீக்குச்சியச் சொருவிட்டா, மூடி தொறந்து கெடந்தாலும் ஓடும்க்கா" என்றார் மெக்கானிக். நான் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன்.

தொண்ணூறுகளில் சென்னையில், பாடியில் குடியிருந்தோம். அப்பா, இரும்புத் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். காலிப் பேனாக் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றி, உள்ளே ஆணியைப் போட்டு, எனக்கு சோலனாய்டு செய்து காட்டியவர் அவர்தான்.

"கரண்ட் ஓடுற வரைக்கும் இந்தச் சுருள் காந்தம். ஆணிய வெடுக்குனு உள்ள இழுக்கும். நிறுத்துனா விட்டுடும்."

அப்பாவின் ஷாப்பில், பிரஸ்ஸை இறக்கும் கிளட்சை இழுப்பதும் இதே சோலனாய்டுதான். இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அமுக்கினால்தான் கரண்ட் போகும். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அப்பா ஒரு பட்டனை அமுக்கித் தீக்குச்சியைச் சொருகிவைத்தார். அதைச் சாமர்த்தியம் என்று வீட்டில் வேறு பீற்றிக்கொண்டார்.

அடுத்த வாரமே, அந்த பிரஸ்ஸில் நின்ற பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்காவுக்கு மூன்று விரல்கள் போயின.

அவள் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். "குச்சிய நீதானே சொருவுன, நைனா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. "அவதான் பராக்கு பாத்துகினு இருந்தா" என்றார். பிறகு, கருவாட்டுக் குழம்பு வழிந்த ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகச் சூப்பினார்.

"குச்சியெல்லாம் வேணாம்" என்றேன் மெக்கானிக்கிடம்.

"புதுசு வர ஒரு வாரம் ஆவும்க்கா."

"ஆகட்டும். துவைக்க எனக்குக் கை இருக்கு."