அப்பா போட்டது பொய்

எங்கள் வீட்டுக் குழம்பு அடிபிடித்தால் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா கதவைத் தட்ட மாட்டார். வாட்ஸ்அப் குழுவில், "யாரு வீட்லயோ கருகுது, அடுப்ப பாருங்கலா" என்று இந்த ஊர் 'லா' சேர்த்து எழுதுவார். கரூரிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் பாடாங் மேஹா பக்கம் வந்த எனக்கு இது முதலில் விநோதமாக இருந்தது. தாமான் என்று இங்கே சொல்லும் இந்த வரிசைவீட்டுக் குடியிருப்பில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் வளர்ந்தவர்கள். அங்கே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொடுத்த குரல்தான் குழுவுக்குக் குடிவந்திருக்கிறது என்பார் என் கணவர் செல்வம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், யாரோ தனக்கு அனுப்பிய படத்தைச் செல்வமே அந்தக் குழுவில் போட்டார். கைலி கட்டிய ஓர் ஆள் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து நடக்கிறார். கீழே, "பிள்ளை பிடிக்கிறவன், நம் பக்கம் சுற்றுகிறான்." சற்று நேரத்தில் சிலர், அவனைப் பிடிக்கச் செம்பனைத் தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளர் கொட்டகைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புவதாக எழுதினார்கள்.

பதினைந்து வயது மகள் திவ்யா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அம்மா, இது தோட்டத்துல வேல செய்ற பங்களாதேஷ் ரஹீம் அண்ணன். அந்தப் பிள்ள சைக்கிள்லேருந்து விழுந்துச்சு, வீட்ல கொண்டு விட்டாரு. நான் அங்கதான் இருந்தேன்."

"அப்பாகிட்ட மெதுவா சொல்லு. குழுவுல போடாத." அப்படித்தான் நான் வளர்ந்தேன். அப்பா தப்பான பஸ்ஸில் ஏறினாலும் பின்னாலேயே ஏறி உட்காரும் குடும்பம் எங்களுடையது.

"மெதுவா சொல்றதுக்குள்ள அவர அடிச்சிருவாங்கம்மா." அனுப்பிவிட்டாள்: "அப்பா போட்டது பொய். நான் பார்த்தேன்."

மல்லிகா அக்கா உடனே எழுதினார்: "சின்னப் பிள்ளைக்கு என்னா தெரியும்? அம்மா இந்தியாக்காரங்க, இங்கத்த நெலவரம் தெரியாதுலா."

செல்வம் கைப்பேசியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "மோட்டார்ல ஏறு" என்றார்.

அவர்கள் போனபோது ரஹீமைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்களாம். திவ்யா விழுந்த பிள்ளையின் தாயை வீடியோவில் அழைத்து, கைப்பேசியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருக்கிறாள். தாய் சொன்னதைக் கேட்டுக் கலைந்தார்கள். ரஹீமுக்கு உதடு கிழிந்திருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் சிகரெட் நீட்டினாராம்.

வீட்டுக்கு வந்ததும் செல்வம் குழுவில், "என் மகள் சொன்னதே சரி" என்று எழுதினார். பிறகு ரசத்தில் உப்பில்லை என்றார்.

திவ்யாவின் அடையாள அட்டை நீலம், குடியுரிமை உள்ளவள். என்னுடையது நிரந்தரவாசியின் சிவப்பு. நான் சொல்லி வளர்த்தபடி அவள் வாயை மூடியிருந்தால் அன்று ஓர் ஆள் செத்திருப்பார்.

அடுத்த வாரம் அதே படம் கரூரிலிருந்து எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தது. "நம்ம ஊருக்குள்ள வந்துட்டான்" என்று அண்ணன் போட்டிருந்தார்.

"இவர் எங்க ஊர்ல இருக்காருண்ணா. நல்ல மனுசன்."

"மலேசியால உக்காந்துக்கிட்டு, இங்க நடக்கிறது உனக்கென்ன தெரியும்?"

என் அண்ணனை நான் ஒருநாளும் எதிர்த்ததில்லை. அன்று, "நீங்க போட்டது பொய்ண்ணா" என்று எழுதினேன்.

என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வடிகால் சுத்தம் செய்ய அவரவர் துடைப்பத்துடன் வரவும் என்று தாமான் குழு அழைத்தது. வருகிறேன் என்று எழுதினேன். கரூர்க் குழுவும் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. அம்மா தினமும் அனுப்பிய காலை வணக்கப் பூக்களையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். எழுதத்தான் முடியாது.