ஐஸ் மருந்து குடிக்காது

சமையலறைத் தொட்டியில் கணவர் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அது அவர் வேலைதான். ஆய்வகத்தில் மீன் தசையைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவியே முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய அவர் மனைவி, வீட்டில் மட்டும் கத்தியைத் தொடமாட்டாள்.

"இன்னிக்கு உன் வழியனுப்பு விழாவுக்குப் பழைய சார் வர்றாராமே, டாக்டரம்மா? அவருக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கவா?"

"அவருக்கு வேற துண்டு வெச்சிருக்கேன். நீங்க விரலை வெட்டிக்காம இருந்தா சரி."

மகள் காபியை வைத்துக்கொண்டே சலித்துக்கொண்டாள். "அவர் ஒத்துக்கலன்னா இப்ப என்ன குடி முழுகிடும்? ஊர் உலகமே ஒத்துக்கிட்டாச்சு, இன்னும் அந்த ஒரு ஆளையே புடிச்சுத் தொங்கறியேம்மா."

"ஊர் உலகம் எனக்கு ஐஸ்காரின்னு பேர் வைக்கலையே."

பேர் வந்த கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. தசைத் துண்டை உறைய வைப்பதில் நிதானம் காட்டிவிட்டாள். மெதுவாக உறைந்தால் உள்ளே பனித்துகள் வளர்ந்து தசையைக் கிழித்துவிடும். நுண்ணோக்கியில் சல்லடை மாதிரி ஓட்டைதான் தெரியும். "இது மீனா, ஐஸ் பெட்டியா, ஐஸ்காரி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் அந்தச் சார், அப்போதைய துறைத் தலைவர். அதில் அவர்மேல் தப்பில்லை என்று அவளே சொல்வாள். அதற்கப்புறம் கை அப்படித் தேறியது. மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்து நாம் ஒரு மூச்சு விடுவதற்குள், அவள் எடுத்த துண்டு கடுங்குளிர்த் திரவத்துக்குள் இருக்கும். அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் அது கைவரவில்லை.

கை தேறிய பிறகுதான் சில புள்ளிகள் கண்ணில் பட்டன. பருத்த தசை நார்களுக்கு இடையிடையே, பெரியவர்கள் கூட்டத்தில் நுழைந்த குழந்தைகள் மாதிரி, பொடிப்பொடியாக. வளர்ந்த மீனுக்கு இருக்கிற நார்தான் பருக்கும், புதிதாக ஒன்றுகூடப் பிறக்காது என்பது தலைவரின் முடிவு. புத்தகமே எழுதியிருந்தார். புள்ளிகளோ, பிறந்துகொண்டுதான் இருக்கிறோம் என்றன.

அவரிடம் காட்டினாள். "மறுபடியும் ஐஸ்," என்றார், நுண்ணோக்கியில் கண்ணைக்கூடச் சரியாக வைக்காமல்.

 புதிதாகப் பிறக்கிற செல் மட்டுமே உறிஞ்சிக்கொள்ளும் மருந்து ஒன்று உண்டு. அதை மீன்களுக்கு ஊசியில் ஏற்றிவிட்டுச் சில வாரம் பொறுத்திருந்தாள். அறுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், அந்தப் பொடிப் புள்ளிகளிலெல்லாம் மருந்து ஏறிப் பழுப்பாகத் தெரிந்தது. நேரே மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஓடினாள்.

"அண்ணே, ஐஸ் மருந்து குடிக்குமா?"

"ஐஸே குடிக்குதுன்னா என் பையனுக்கு மட்டும் என்ன கேடு? ஸ்பூனைக் கண்டாலே ஓடறான்!"

அது கட்டுரையாக அச்சில் வருவதற்குள் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. மற்ற நாட்டு ஆய்வகங்களும் செய்து பார்த்து ஆமாம் என்றன. மீன் பண்ணைக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். கடைசியில் அவர் அறையே அவளுக்கு வந்தது. இன்று அவளுக்கு வழியனுப்பு விழா. கைத்தடியோடு முன்வரிசையில் அவர்.

விழா முடிந்ததும் அறைக்கு அழைத்து வந்தாள். பரிசுப் பெட்டிகளோடு கணவரும் மகளும் வாசலில் நின்றுகொண்டார்கள். நுண்ணோக்கியில் காலையிலேயே, புள்ளிகள் உள்ள தசைத் துண்டோடு கண்ணாடித் தகடு வைத்தாயிற்று.

"என் நாற்காலி எங்கே?"

"கால் ஒடிஞ்சிடுச்சு சார். இதுல உக்காருங்க. ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க."

"உறைய வெச்சது யாரு?"

"நான்தான்."

குனிந்தார். இந்தத் தடவை கண்ணைச் சரியாகவே வைத்தார். விரல் நுண்ணோக்கியின் குமிழைத் திருகியது. தகட்டை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார், ஓரம்வரை போய்த் திரும்பினார். ஓட்டையைத் தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தேடட்டும். மூலை முடுக்கெல்லாம் தேடட்டும், ஒன்றுகூட இருக்காது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. வாசலில் மகள் கையிலிருந்த பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"சார், இது ஐஸா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த மாதிரியே, நுண்ணோக்கியின் விளக்கை மறக்காமல் அணைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, ஐஸ் என்றும் சொல்லாமல் ஆமாம் என்றும் சொல்லாமல், வழிவிட்டு ஒதுங்கிய அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே வெளியே நடந்தார்.