பூஜ்யம் வாங்கிய சிரிப்பு

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குப் போகும் காலை பாசஞ்சரில், எங்கள் பெட்டியிலேயே நன்றாகச் சிரிப்பவர் அவர்தான். தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை. முன்பல் இரண்டும் கிடையாது. யார் ஜோக் சொன்னாலும் தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அவர் சிரித்தால்தான் சொன்னவனுக்கே திருப்தி.

நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டே மனோதத்துவம் படித்தேன். மனிதர்களின் நகைச்சுவை உணர்வை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றைப் பெட்டியில் எல்லோருக்கும் கொடுத்தேன். அவர் ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்திருந்தார். கேட்ட ஜோக்கைப் பிறரிடம் சொல்வீர்களா? இல்லை. பிறகு நினைத்துச் சிரிப்பீர்களா? இல்லை. மதிப்பெண் பூஜ்யம்.

ஸ்டேஷனில் இறங்கியதும் அவரை நிறுத்தி, “ஏன் இப்படி?” என்று கேட்டேன். அவர் என் உதட்டையே பார்த்தார். தாளை எடுத்துக் காட்டினேன்.

“மெஷினாண்ட நின்னு நின்னு காது பூட்ச்சு சார். நீங்கல்லாம் இன்னா சொல்றீங்கன்னே தெரியாது. நீங்க சிரிக்கறப்போ நானும் சிரிச்சிக்கினு இருந்தா, கூட இருக்கிற மாதிரி கீது. யாராண்டயும் சொல்லிடாத சார். அப்புறம் பாவம் பார்ப்பாங்க, ஜோக்கு சொல்ல மாட்டாங்க.”

அந்தத் தாளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

மறுநாள், யாரும் ஒன்றும் சொல்லாதபோதே அவரைப் பார்த்துச் சிரித்தேன். உடனே தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

“இன்னாபா ஜோக்கு?” என்று யாரோ கேட்டார்.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.