ஈர உப்பும் எஸ்தர் மேடமும்

கேளம்பாக்கம் சந்திப்பில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. நம் பழைய ஆலையின் வறுவல் அறையில் வேலை பார்த்த குமாரி கைப்பேசியில் அழைத்தாள். "சார், எஸ்தர் மேடம் பூட்டாங்க சார். காலைல டீ குடிச்சிகினே இருந்தாங்களாம், அப்டியே சாஞ்சுட்டாங்களாம்" என்றாள். "சும்மா உளறாதே" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்? வந்த ஆட்டோவில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

நம் ஆலையில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்குச் சீவி, பாதி வறுத்து, உறைய வைத்து ஓட்டல்களுக்கு அனுப்பும் ஆலை ஒன்று இருந்தது. எந்த ரகக் கிழங்கு அதற்குத் தேறும் என்று சோதித்துச் சொல்வது எஸ்தர் மேடத்தின் பொறுப்பு. ஓசூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் ஒப்பந்தம் போட்டு விளைவித்து வாங்குவது என் பொறுப்பு. மேடம் தேறும் என்ற ரகத்தைத்தான் அவர்கள் நடுவார்கள். விளைந்த கிழங்கு வறுவலுக்கு ஆகாமல் போனால் ஆலை வாங்காது, நஷ்டம் நட்டவனுக்கு. ஆக, ஓர் ஊரின் போகமே அந்த அம்மாளின் வாய்ச்சொல்லில் தொங்கியது.

அவர் அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்த ரகத்தை வறுத்தாலும் முதல் தட்டு, அந்தக் கிழங்கை விளைவித்தவருக்குத்தான். மேலாளர் வாசலில் நின்றாலும் சரி, முதலாளியே வந்தாலும் சரி, இரண்டாவது தட்டுதான். "வெளைய வெச்சவரு மொதல்ல துன்னட்டும். நாம இன்னா, கூலிக்கு ருசி பாக்குறவங்க" என்பார். ஒருமுறை முதலாளி கையை நீட்டியேவிட்டார். மேடம் தட்டை அவரைத் தாண்டிக் கொண்டுபோய் விவசாயி மாதையனிடம் கொடுத்தார். அடேயப்பா, எனக்கு வியர்த்துவிட்டது!

கிழங்கு வாணலிக்குப் போவதற்கு முன்னால் உப்புத் தண்ணீர்ச் சோதனை. உப்பை எடை போட்டு வாளித் தண்ணீரில் கரைத்து, கிழங்கை உள்ளே போடுவார். மாவு நிறைந்த கிழங்கு மூழ்கும், நீர் கோத்த கிழங்கு மிதக்கும். மூழ்குவதுதான் வறுத்தால் மொறுமொறுவென்று நிற்கும். இதற்குப் பாக்கெட் உப்பை அவர் தொடமாட்டார். அவர் அப்பா கோவளம் பக்கத்து உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். அந்தப் பாத்தி உப்புதான் மூட்டையாக வரும். "எங்க நைனா கால் பட்ட உப்பு சார். அது பொய் சொல்லாது" என்று சிரிப்பார்.

அந்த ஆண்டு ரஸ்ஸெட் சாதியில் இரண்டு ரகங்கள் வந்தன. இரண்டுக்கும் தோல் பழுப்பாக, சாக்குத்துணி போலச் சொரசொரப்பாக இருக்கும். ஒன்று நீளமாக, கோணல் இல்லாமல், அள்ளிக் கொடுக்கும் விளைச்சல். அதற்கு நெட்டை என்று பெயர் வைத்தோம். மற்றது கட்டையாக, விளைச்சல் சுமார். அது குட்டை. ஐப்பசி மழையில் சோதனை நடந்தது. இரண்டுமே வாளியில் மூழ்கின, இரண்டுமே சட்டியில் பொன்னாக வந்தன. அப்புறம் என்ன, விளைச்சல் அதிகமுள்ள நெட்டைதான் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். லாரியில் விதைக்கிழங்கு ஓசூருக்குப் போயே போய்விட்டது.

லாரி போன மறுநாள், மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் சமையற்காரர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். மாதிரிக்கு அனுப்பியிருந்த நெட்டையை அவர் வறுத்திருக்கிறார். "இன்னா மேடம் இது, வறுவலா வாழத்தண்டா? எண்ணெயில நல்லாத்தான் கீது. தட்டுல வெச்சி வெள்ளைக்காரன் மேசைக்குப் போறதுக்குள்ள படுத்துக்குது!"

மேடம் போனை வைத்தார். நேராகச் சன்னலோரம் இருந்த உப்பு மூட்டைக்குப் போனார். ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தார். கை நசநசத்தது. சாரல் அடித்து உப்பு ஈரம் ஏறியிருந்தது. எடை போட்டதில் பாதி உப்பு, மீதி மழை. உப்புக் குறைந்த தண்ணீரில் எந்தக் கிழங்குதான் மூழ்காது? உப்பை வாணலியில் வறுத்து உலர்த்தி, மறுபடி எடை போட்டுக் கரைத்தார். குட்டை மூழ்கியது. நெட்டை அத்தனையும் மேலே வந்து மிதந்தது.

"உப்பளத்துக்காரன் பொண்ணு நானு. உப்புல ஏமாந்துகீறேன் பாருங்க சார்" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

மேலாளர் கெட்டவர் இல்லை. பயந்தவர். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "விதை போயாச்சு மேடம். நடட்டும். விளைஞ்சப்புறம் பருவம் சரியில்லைன்னு சொல்லிக்கலாம். நீங்களா போய்ச் சொன்னா உங்க பேருதான் நாறும்." மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பைக்குள் உலர்ந்த உப்புப் பொட்டலமும் இரண்டு ரகக் கிழங்கும் இருந்தன. "சார், ஓசூருக்கு பஸ்சு எத்தினி மணிக்கு?" என்று என்னைக் கேட்டார். நானும் கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாதையன் நிலத்தில் கிழங்கு நட மண்ணை அணைத்துப் பார் பிடித்தாகிவிட்டது. பெண்கள் உட்கார்ந்து விதைக்கிழங்கை முளைக்கண் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். உப்பைக் கரைத்தார். கிழங்குகளைப் போட்டார். ஊரே கூடிவிட்டது. "குட்டை முழுகிடுச்சு, நெட்டை மெதக்குது, பாருங்க. அன்னிக்கு உப்பு ஈரம். நான் கவனிக்கல. கம்பெனி தப்பு இல்ல, மழை தப்பு இல்ல. தப்பு என்னுது. இத நடாதீங்க" என்றார். தலை குனியவில்லை.

மாதையன் குதிகுதியென்று குதித்தார். "அறுத்துப் போட்ட விதைய என்ன பண்றது? வெளையாட்டா இருக்கா உங்களுக்கு?" நியாயமான கோபம். மேடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். கத்தி ஓய்ந்த பிறகு மாதையனே மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நீ வந்து சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"உங்களுக்குத் தெரியாது, நைனா. எனக்குத் தெரிஞ்சுகினே இருக்குமே" என்றார் மேடம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். சேற்றுக் காலோடு ஒரு வாளிக்குப் பக்கத்தில் நின்ற அந்த உயரத்தை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அப்புறம் நடந்தது ஆலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆலை முணுமுணுத்துக்கொண்டே விதையை மாற்றிக் கொடுத்தது. மேடத்தைச் சோதனை அறையிலிருந்து தோல் உரிக்கும் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அடுத்த பருவத்துக்கு நான் ஒப்பந்தக் காகிதங்களோடு போனபோது ஓசூர்ப் பக்கத்தில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. "அந்தம்மா சட்டி வெச்சுதா? வெச்சதும் வா" என்றார் மாதையன். நான் திரும்பி வந்து அப்படியே மேலாளரிடம் சொன்னேன். மேடம் மறுபடி தன் வாளிக்கு வந்தார். ஆலை மூடும்வரை அங்கேதான் இருந்தார்.

அடக்கத்துக்கு மாதையன் வந்திருந்தார். இப்போது நடை தளர்ந்துவிட்டது, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழிக்குள் மண் போட்டுவிட்டு என்னிடம், "நெட்டைய நட்டிருந்தா அந்த வருசமே நெலத்த வித்திருப்பேன் சார்" என்றார்.

நான் இன்னும் வேலைக்குப் போகிறேன். நாவலூரில் அலுவலகங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையல்கூடத்தில், வரும் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு வண்டி கிழங்கு தாமதமாக வந்தது. மேல் மூட்டை நன்றாக இருந்தது. சமையலுக்கு நேரமாகிவிட்டது. "போட்டுக் குடு சார், யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் ஓட்டுநர். பேனாவை எடுத்தவன் திரும்பச் சட்டைப்பையில் செருகினேன். அடி மூட்டையை இறக்கச் சொன்னேன்.