ஸ்தோத்திரம் வராத வாக்கியம்

“போச்சு!” என்று ஜெஸ்மி மடிக்கணினியில் அந்த வரியை அழித்தாள். எதிர் நாற்காலியில் இருந்த அவள் அப்பா ராஜையா அப்போதுதான் வாய் நிறைய “ஸ்தோத்திரம்!” சொல்லி முடித்திருந்தார். அவர் ஸ்தோத்திரம் சொன்ன வரி ஆய்வேட்டில் இருக்கக் கூடாது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஆரியங்கோட்டில் ரப்பருக்கு நடுவே வீடு. ஜெஸ்மிக்கு முப்பத்திரண்டு வயது, ஆராய்வது மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை. ஆய்வேடு ஆங்கிலத்தில், அப்பாவுக்காக வரிவரியாகத் தமிழில் சொல்கிறாள். ராஜையா, கர்த்தர் செய்த நன்மையைச் சபையில் எழுந்து நின்று சொல்லும் சாட்சிகளைக் கேட்டுப் பழகியவர். மனதைத் தொடுகிற எதைக் கேட்டாலும் ஸ்தோத்திரம் தானாக வந்துவிடும். இப்படியொரு அளவுகோல் எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்?

சிக்கல் என்னவென்றால், ஜெஸ்மியும் சாட்சி சொல்லி வளர்ந்தவள். புஷ்பபாய் என்பவரின் வீட்டை ஒட்டிய விளையில், தண்ணீர் தேங்கினாலும் அழுகாத ஒரு மரச்சீனி வகையைக் கண்டுபிடித்துவிட்டாள். அதைச் சொல்லும்போது உட்காரவே மாட்டாள். கை ஒருபக்கம், துப்பட்டா ஒருபக்கம். “நாப்பது மூடு மரச்சீனி நட்டேன். பத்து நாளு முட்டளவு வெள்ளம். முப்பத்தெட்டு மூடும் நிக்குதாக்கும்!”

எழுத்துப்பிழை பார்க்க வந்திருந்த அவள் தோழியான எனக்கே கேட்டதும் புல்லரித்தது. அப்படியே எழுதினால் என்ன என்றேன்.

“எழுதப்படாது. லேகா டீச்சர் ரெண்டு தடவ திருப்பி விட்டாச்சு. ‘நீ சந்தோஷப்படாத, தரவச் சொல்லு’ன்னு எழுதியிருக்காவ.”

லேகா டீச்சர் அவளுடைய ஆய்வு வழிகாட்டி. முடிவுரை அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அவருக்குப் போகாவிட்டால் ஒரு வருடம் வீண். அப்போதே மணி பதினொன்றரை.

“அற்புதமாகப் பிழைத்தன” போனது. “நாற்பதில் முப்பத்தெட்டு பிழைத்தன” என்பதற்கும் ராஜையா ஸ்தோத்திரம் சொன்னார்.

“அப்பா, அது வெறும் கணக்கு!”

“கணக்குலயும் கர்த்தர் உண்டு மக்கா.”

“பிழைப்பு விகிதம் தொண்ணூற்றைந்து விழுக்காடு” என்று மாற்றியதும் மனிதர் கொட்டாவி விட்டார். “பாஸ்!” என்று துள்ளினாள் ஜெஸ்மி.

கடைசி வரி மிச்சம். மூச்சை இழுத்து விட்டு வாசித்தாள். “இவ்வகை, நீர் தேங்கும் நிலத்திலும் அழுகலைத் தாங்கக்கூடும் என்று தரவுகள் சுட்டுகின்றன.” உப்புச்சப்பில்லாத வரி. ராஜையா வாயே திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, அனுப்பினாள். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “நன்று. கையெழுத்திடுகிறேன்.”

“ஸ்தோத்திரம்!” என்று வீடே அதிரக் கத்தியது இந்த முறை ஜெஸ்மி. சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினால் நாற்காலி காலி.

வாசலுக்கு ஓடினோம். “அப்பா, எங்க போறிய?”

ராஜையா அதற்குள் சரிவில் இறங்கிவிட்டிருந்தார். இரண்டு மழைக்காலம் தண்ணீர் தேங்கி மரச்சீனி அழுகிப்போய், இனி இதைத் தொடமாட்டேன் என்று அவர் கைவிட்டிருந்த கீழ்வயலில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியை ஓங்கி முதல் வெட்டு வெட்டினார்.