டீக்கடையில் ஒப்படைத்த கொக்கிகள்

மாமாவின் கொக்கி சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். இன்று எல்லாவற்றையும் கிரேன் தூக்கிவிடுகிறது. அன்று துறைமுகத்தில் மூட்டையைக் குத்தி இழுக்க அந்த இரும்புக் கொக்கிதான். வேலை முடிந்து வந்ததும் அதை மாட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவார். அந்த மாசியில் ஒருநாள், துறைமுகத்தில் கப்பலே இல்லாதபோதும் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோறு பாதி வேகையிலேயே அடுப்பை அணைத்தாள்.

சுதந்திரம் வந்த புதிது. நான் அக்கா வீட்டில் தங்கி பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். போரும் சமாதானமும் எங்களுக்குத் தனிப் பாடம். யார் யாரோ போட்ட உடன்படிக்கைகளெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கல்மண்டபத்தில் இரண்டு கூலி மேஸ்திரிகளின் ஆட்கள், கப்பல் சரக்கை யார் இறக்குவது என்று முறைத்துக்கொண்டு நின்றதற்கு மட்டும் வழி தெரியவில்லை. அதில் ஒரு பக்கம் மாமா.

விஷயம் எங்கள் பேராசிரியர் காதுக்குப் போயிற்று. நல்ல மனிதர், நேரிலேயே வந்துவிட்டார். முதலில் ஆயுதத்தைக் கீழே வையுங்கள், பிறகு பேசலாம் என்றார். இரு தரப்பும் கொக்கிகளை டீக்கடைக்காரரிடம் ஒப்படைப்பது என்று முடிவானது. மாமாவுக்கு மனசே இல்லை.

"குட்துடுய்யா. நீ முழுசா வூட்டுக்கு வந்தா போதும்," என்றாள் அக்கா.

"கப்பலு வந்தா இன்னா பண்றது?"

"வந்தா போய் எட்துக்கோ."

மறுநாள் காலை கப்பல் வந்துவிட்டதென்று சங்கு ஊதியது. முந்திப் போகிறவனுக்கு வேலை. இரு தரப்பும் ஒரே ஓட்டமாக அந்தச் சின்னக் கடைக்குள் நுழைந்தார்கள். எல்லாக் கொக்கியும் ஒரே கோணிக்குள், எல்லா ஆளும் ஒரே அறைக்குள். தெருமுனையில் நின்ற எனக்குக் கண்ணாடி உடைவது கேட்டது. யாரோ "அம்மா" என்று கத்தினார்கள்.

மாமா கீறல்கூட இல்லாமல் வந்தார். அக்கா அவர் முகத்தையும் முதுகையும் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். அவர் கொக்கியை ஆணியில் மாட்டவில்லை.

"இது என்து இல்ல," என்றார். "அவசரத்துல கைக்கு வந்தத எட்துகினு வந்துட்டேன். என்து எவன் கைல கீதோ."

கடைக்குள் குத்துப்பட்டு விழுந்த ஒருவன் அதற்குள் இறந்துபோயிருந்தான். அவன் விலாவில் இருந்தது மாமாவின் கொக்கி. பிடியைப் பார்த்தே யாருடையது என்று துறைமுகத்தில் சொல்லிவிடுவார்கள். குத்தியவனை யாரும் பார்க்கவில்லை.

போலீஸ் மாமாவை வண்டியில் ஏற்றியபோது அக்கா பின்னாலேயே ஓடினாள். "நான்தான் குடுக்க சொன்னேன் சார், நான்தான் குடுக்க சொன்னேன்," என்று அவள் கத்தியது அவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.